ஸ்போர் விளையாடும் குழந்தைக்குப் பரிணாமம் தப்பாகப் பதிந்துவிடுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். பத்து வயது மகள் கொஞ்ச நாளாக ஸ்போர் என்ற கணினி விளையாட்டை விளையாடுகிறாள். "என் விலங்குக்குப் பறக்கணும்னு ஆசை வந்தது, அதனால அடுத்த முட்டையில இறக்கை முளைச்சது, இதுதான் பரிணாமம்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் விளக்குகிறாள். இது அறிவியலா, இல்லை தப்பான பாடமா, நிறுத்திவிடலாமா, அப்படியானால் அடுத்து எது வாங்கித் தரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. ஸ்போரில் இருக்கும் அறிவியல் சரியா என்பது ஒன்று. சரியில்லாத அறிவியலோடு ஒரு குழந்தை ஆசையாக விளையாடினால் கெடுதலா என்பது இன்னொன்று. உங்களை உறுத்துவது இரண்டாவது என்றுதான் எனக்குப் படுகிறது. முதல் கேள்விக்கு என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்கு ஓரளவு ஆய்வை வைத்தும் மீதியை வகுப்பறை அனுபவத்தை வைத்தும்தான் சொல்ல முடியும், எது எது என்று பிரித்தே எழுதுகிறேன். கல்லூரியில் விலங்கியல் எடுக்கிறேன், பரிணாமப் பாடம் பல வருடமாக என்னிடம்தான் இருக்கிறது, ஸ்போரையும் அது வந்த காலத்திலிருந்து விளையாடுகிறேன். குழந்தை உளவியல் என் துறை இல்லை என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஸ்போர் தெரியாதவர்களுக்காக நாலு வரி. சிம்சிட்டி, தி சிம்ஸ் செய்த வில் ரைட்டும் அவருடைய மேக்ஸிஸ் குழுவும் உருவாக்கி, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2008 செப்டம்பரில் வெளியிட்ட விளையாட்டு இது. ஒரு விண்கல் வந்து ஒரு கோளில் விழுகிறது, அதிலிருந்து ஒரு செல் வெளியே வருகிறது, அந்த செல் நீங்கள். தின்று வளர்ந்து, காலோடு கரையேறி, விலங்காகி, கூட்டமாகி, நகரம் கட்டி, கடைசியில் விண்கலம் ஏறி விண்மீன் மண்டலம் முழுக்கச் சுற்றலாம். செல், விலங்கு, குடி, நாகரிகம், விண்வெளி என்று மொத்தம் ஐந்து கட்டம். உங்கள் மகள் சொல்லும் பரிணாமம் முதல் இரண்டில்தான் நடக்கிறது, அதற்குப் பிறகு உடம்பு மாறாது. அதனால் பின்னால் வரும் மூன்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

இப்போது முதல் கேள்வி. ஸ்போரில் நடப்பது பரிணாமம் இல்லை. இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை, இந்தத் துறையில் இருக்கும் வேறு யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். விளையாட்டு வந்த வருடமே ஜான் போஹனன் என்ற எழுத்தாளர், ரயன் கிரகரி, நைல்ஸ் எல்ட்ரெட்ஜ் ஆகிய பரிணாம உயிரியலாளர்களோடு உட்கார்ந்து ஸ்போரை விளையாடிப் பார்த்து, பள்ளிக்கூட மதிப்பெண் அட்டை போலத் தலைப்பு தலைப்பாக மார்க் போட்டு, 'சயின்ஸ்' இதழில் எழுதினார். பரிணாமப் பகுதியில் பெரும்பாலும் ஃபெயில்தான். எல்ட்ரெட்ஜ் சாதாரண ஆள் இல்லை, ஸ்டீபன் ஜே கூல்டுடன் சேர்ந்து 1972-இல் நிறுத்த நிலைச் சமநிலைக் கருத்தை, அதாவது இனங்கள் நீண்ட காலம் பெரிதாக மாறாமல் இருந்துவிட்டு ஒப்பளவில் குறுகிய காலத்தில் மாறுகின்றன என்பதை, முன்வைத்தவர்.

எங்கே தப்பு என்று பார்த்தால், பலர் உடனே சொல்வது "ஒரே தலைமுறையில் இறக்கை முளைக்குமா?" என்பதைத்தான். எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. விளையாட்டில் காலத்தைச் சுருக்கித்தான் ஆகவேண்டும், பத்து லட்சம் வருடம் யாரும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியாது. உண்மையான தப்பு இறக்கை எப்படி வருகிறது என்பதில் இருக்கிறது. விலங்குக் கட்டத்தில் தரையில் கிடக்கும் எலும்புக் குவியலைக் கிளறினால் ஒரு புது உறுப்பு கிடைக்கும். சண்டை போடுவதாலும் நட்புப் பிடிப்பதாலும் டிஎன்ஏ புள்ளிகள் சேரும். பிறகு துணையை அழைத்தால் முட்டை வரும், விலங்கை வடிவமைக்கும் எடிட்டர் திறக்கும், புள்ளிகளைக் கொடுத்து உறுப்பை வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். அதாவது தேவைப்பட்டது, சம்பாதித்தது, வாங்கியது, வந்தது. தேர்ந்தெடுப்பது ஒரு மனம், மாறுவது ஒரே ஒரு உயிர்.

இயற்கையில் ஒரு உயிர் அப்படி மாறுவதே இல்லை, கூட்டம்தான் மாறுகிறது. கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னி மேஜர் என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது, பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி அங்கே பல பத்தாண்டுகள் ஃபிஞ்ச் குருவிகளைப் பிடித்து, வளையம் மாட்டி, அலகை அளந்துகொண்டே இருந்தார்கள். 1977-இல் அங்கே மழை பொய்த்தது. மெல்லிய சின்ன விதைகள் சீக்கிரம் தீர்ந்துபோய், கடினமான பெரிய விதைகள்தான் மிச்சம். நடுத்தரத் தரை ஃபிஞ்ச் என்ற இனத்தில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் செத்துப்போயின. பிழைத்தவற்றில் தடித்த அலகு உள்ளவை அதிகம், ஏனென்றால் அவற்றால்தான் அந்த விதைகளை உடைக்க முடிந்தது. அடுத்த தலைமுறையின் சராசரி அலகு சுமார் அரை மில்லிமீட்டர் தடித்திருந்தது. எந்தக் குருவியின் அலகும் வளரவில்லை, எந்தக் குருவியும் ஆசைப்படவில்லை. சின்ன வித்தியாசங்களோடு ஏற்கெனவே பிறந்திருந்த குருவிகளில் யார் செத்தார்கள், யார் குஞ்சு பொரித்தார்கள் என்ற கணக்கு மட்டும்தான் மாறியது. ஸ்போரில் இந்தக் கணக்குக்கு இடமே இல்லை. உங்கள் மகளின் விலங்கு செத்துவிட்டால் கூட்டிலிருந்து அதே விலங்கு அப்படியே மறுபடி எழுந்து வரும். சாவுக்கு எந்த விளைவும் இல்லாத உலகத்தில் இயற்கைத் தேர்வு எப்படி நடக்கும்?

இரண்டாவது தப்பு கவனிக்காமல் விட்டுவிடக்கூடியது. கோளில் சுற்றிவரும் மற்ற விலங்குகளைப் பாருங்கள். அவை மேக்ஸிஸ் ஆட்களோ, உலகத்தின் ஏதோ மூலையில் இருக்கும் இன்னொரு வீரரோ வடிவமைத்து ஏற்றியவை. உங்கள் விலங்குக்கும் அவற்றுக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது. விளையாட்டில் உங்கள் இனத்தின் வரலாற்றைக் காட்டும் ஒரு காலக்கோடு இருக்கிறது, அது நேரே போகும் ஒற்றைக் கோடு, எங்கேயும் கிளை பிரியாது. டார்வின் 1837-இல் தன் குறிப்பேட்டில் கிறுக்கிவைத்த முதல் படமே கிளை பிரிகிற மரம்தான். பல்லியும் பருந்தும் நாமும் ஒரு காலத்தில் ஒரே மூதாதைக்குப் பிறந்த சொந்தக்காரர்கள் என்பதுதான் பரிணாமத்தின் பாதி அழகு, அது ஸ்போரில் முழுக்கக் காணாமல் போய்விடுகிறது.

ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய குறையாகத் தெரிவது மூன்றாவது. ஸ்போரில் வரலாறு ஒட்டுவதில்லை. எடிட்டரில் பழைய உறுப்பை எடுத்து விற்றால் புள்ளிகள் திரும்பி வந்துவிடும். ஆறு காலை எடுத்துவிட்டு இரண்டாக்கலாம், முதுகெலும்பை வளைத்து நிமிர்த்தலாம், வாயைக் கழற்றி வேறு வாய் மாட்டலாம். முந்தின தலைமுறையின் சுவடே இல்லாமல் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம். இயற்கைக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. குடியிருந்துகொண்டே வீட்டை மாற்றிக் கட்டுகிற நிலைமை அதனுடையது, ஒரு நாள்கூடக் கூரை இல்லாமல் இருக்கக் கூடாது. அதனால்தான் நம் உடம்பு முழுக்கப் பழைய ஒட்டுகள். ஒட்டகச்சிவிங்கியின் குரல்வளைக்குப் போகும் ஒரு நரம்பை எடுத்துக்கொள்ளுங்கள். மூளைக்கும் குரல்வளைக்கும் நடுவில் உள்ள தூரம் கொஞ்சம்தான். ஆனால் இடது பக்கத்து நரம்பு நேராகப் போகாமல் கழுத்து முழுக்க இறங்கி, நெஞ்சுக்குள் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு, மறுபடி கழுத்து முழுக்க ஏறிக் குரல்வளைக்கு வருகிறது. மொத்தப் பயணம் நான்கு மீட்டருக்கும் மேல். மீனாக இருந்த மூதாதைக்குக் கழுத்தே இல்லை, அந்த நரம்பு செவுள்களுக்கு அருகே நேர்வழியில்தான் போயிற்று. பிறகு கழுத்து நீள நீள, நரம்பைக் கழற்றி வேறு பக்கமாகப் பூட்ட வழியில்லாமல், அது இழுபட்டுக்கொண்டே வந்தது. நம் கழுத்திலும் இதே சுற்றுவழிதான். ஸ்போர் எடிட்டர் கையில் இருந்திருந்தால் ஒரு நொடியில் சரிசெய்திருக்கலாம்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. ஸ்போர் முழுசாக வெளிவருவதற்கு முன்னால், 2008 ஜூனில், விலங்கை வடிவமைக்கும் எடிட்டரை மட்டும் தனியாக விட்டார்கள். அதே ஜூனில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லென்ஸ்கி குழு ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. 1988-இல் ஒரே ஈ.கோலை பாக்டீரியாவிலிருந்து பன்னிரண்டு குடுவைகளைத் தொடங்கி, தினமும் புதிய ஊட்டக் கரைசலுக்கு மாற்றிக்கொண்டே வந்திருந்தார்கள். அந்தக் கரைசலில் சிட்ரேட் எப்போதும் இருந்தது, ஆனால் ஆக்சிஜன் இருக்கும்போது ஈ.கோலையால் அதைச் சாப்பிட முடியாது. முப்பத்தோராயிரம் தலைமுறை தாண்டிய பிறகு, பன்னிரண்டில் ஒரே ஒரு குடுவையில் இருந்த பாக்டீரியா அதைச் சாப்பிடக் கற்றுவிட்டது. அவர்கள் பழைய தலைமுறைகளை உறையவைத்துப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். அதே குடுவையின் வெவ்வேறு கால மாதிரிகளை எழுப்பி மறுபடி ஓடவிட்டார்கள். பிந்தைய தலைமுறைகளிலிருந்து கிளம்பியவற்றில்தான் அந்தத் திறமை திரும்ப வந்தது, ஆரம்பகால மாதிரிகளில் வரவில்லை. நடுவில் ஏதோ சில மாற்றங்கள் முன்கூட்டியே சேர்ந்திருந்தால்தான் கடைசி மாற்றம் வேலை செய்யும் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். உணவு கண் முன்னால் இருக்கிறது, தேவையும் இருக்கிறது, ஆனாலும் பதினொரு குடுவைகளுக்கு அது கிடைக்கவில்லை. வரலாறு ஒட்டும் என்று நான் சொல்வது இதைத்தான். வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவர்கள் கொஞ்ச நேரம் பேசமாட்டார்கள், எனக்கு மிகப் பிடித்த வகுப்பு அதுதான்.

சரி, இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் இன்னும் விளையாடுகிறேன் என்று கேட்பீர்கள். பரிணாமத்தில் ஃபெயில் ஆன இந்த விளையாட்டு, உடம்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதில் மிகவும் நேர்மையானது. அதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை, எனக்கு அது ஆதங்கம்.

எடிட்டரைத் திறந்ததும் உங்கள் மகளுக்கு முதலில் என்ன கிடைக்கிறது? ஒரு மண் உருண்டை போன்ற உடம்பு, உள்ளே ஒரு முதுகெலும்பு. நுனியைப் பிடித்து இழுத்தால் ஒவ்வொரு முள்ளெலும்பாகக் கூடி நீள்கிறது, மவுஸ் சக்கரத்தை உருட்டினால் அந்த இடம் மட்டும் பருக்கிறது. இடது பக்கம் ஒரு காலை ஒட்டினால் வலது பக்கமும் தானாக வந்துவிடுகிறது. ஒரு அச்சு, அதன் இருபுறமும் சமம், நீளவாக்கில் திரும்பத் திரும்ப வரும் துண்டுகள். பூச்சி, மீன், மனிதன் என்று பெரும்பாலான விலங்குகளின் உடல் திட்டம் இதுதான். அப்புறம், காலைப் பிடித்து இழுத்துத் தலையில் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். பாதி காலோ, சிதைந்த காலோ வராது, முழுக் கால் அப்படியே தலையில் நிற்கும். சிரிப்பாக இருக்கும், ஆனால் பழ ஈயில் இது நிஜமாகவே நடக்கிறது. ஆன்டெனாபீடியா என்ற மரபணு இடம் தவறி வேலை செய்தால், உணர்கொம்பு முளைக்க வேண்டிய இடத்தில் ஒழுங்கான கால் முளைக்கிறது. 'இங்கே கால்' என்று ஆணையிடும் மரபணுக்களும் காலைக் கட்டும் மரபணுக்களும் தனித்தனி என்பது இப்படியான ஈக்களிலிருந்துதான் நமக்குத் தெரிய வந்தது. அந்த வழியில் ஆராய்ந்த எட்வர்டு லூயிஸ் 1995-இல் வேறு இருவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உறுப்புகளைத் துண்டு துண்டாக நகர்த்திவைக்கும் ஸ்போர் எடிட்டர், எங்கள் மாணவர்கள் முதுகலையில் திணறுகிற ஒரு விஷயத்தைப் பத்து வயதுக் கைக்குக் கொடுத்துவிடுகிறது.

இதே எடிட்டரில் கழுத்தை நீட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், எலும்பு கூடிக்கொண்டே போகும். பாம்பு நீண்டது ஏறக்குறைய அப்படித்தான், அதன் உடம்பில் நூற்றுக்கணக்கான முள்ளெலும்புகள். ஒட்டகச்சிவிங்கி வேறு வழியில் போயிற்று. நம் கழுத்திலும் ஏழு, எலியின் கழுத்திலும் ஏழு, அதன் கழுத்திலும் அதே ஏழுதான், ஒவ்வொன்றும் நீண்டுவிட்டது. மகளிடம் இதைச் சொல்லி, அவள் கழுத்தையும் பின்னால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

செல் கட்டம் இன்னும் ஒரு படி மேலே. விலங்குக் கட்டத்தில் ஒரு விலங்கின் வேகமும் பலமும் நீங்கள் ஒட்டிய உறுப்பின் தரத்தைப் பொறுத்தவை, அதை எங்கே ஒட்டினீர்கள் என்பதற்கு அர்த்தமே இல்லை, வாயை முதுகில் வைத்தாலும் கடி ஒன்றுதான். செல்லில் அப்படி இல்லை. முள்ளை முன்னால் வைத்தால் குத்தலாம், பின்னால் வைத்தால் துரத்துகிறவனிடமிருந்து தப்பலாம், பக்கவாட்டில் வைத்தால் பக்கத்தில் மோதுகிறவனுக்கு வலிக்கும். அங்கே வடிவத்துக்கு விலை இருக்கிறது. முன்னால் முள் வைத்த இடத்தில் வாய் வைக்க முடியாமல் போகும், இரண்டும் வேண்டும் என்றால் எதையோ விட்டுக்கொடுக்க வேண்டும். உயிரியலில் ஏறக்குறைய எல்லாமே இப்படி ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவதுதான். நம் மூளை உடல் எடையில் இரண்டு சதவீதம், ஆனால் ஓய்வில் இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அது சாப்பிடுகிறது. மெக்சிகோவின் குகை மீன்கள் இருட்டில் பல தலைமுறை வாழ்ந்து கண்ணையே இழந்துவிட்டன, கண் வைத்துக்கொள்வதற்கும் செலவு உண்டு என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். இந்தக் கடைசிக் காரணம் இன்னும் விவாதத்தில் இருப்பது, மூளைக் கணக்கு போல அடித்துச் சொல்லக்கூடியது இல்லை.

நடையைப் பற்றிச் சொல்லாமல் போனால் அந்த விளையாட்டைச் செய்தவர்களுக்கு அநியாயம். நீங்கள் மூன்று காலும் கோணல் முதுகுமாக ஒரு விலங்கைச் செய்து விட்டால், அடுத்த நொடி அது நடக்கிறது, ஆடுகிறது, பாடுகிறது. அந்த விலங்கை எந்த அனிமேட்டரும் முன்னால் பார்த்ததில்லை. வழக்கமாக ஒரு கதாபாத்திரத்தின் எலும்புக்கூட்டுக்கு ஏற்ப அசைவை ஒவ்வொரு மூட்டாக அமைப்பார்கள். இங்கே எலும்புக்கூடே வீரர் செய்யப்போவது, எத்தனை கால் என்றே தெரியாது. மேக்ஸிஸின் கிறிஸ் ஹெக்கரும் உடன் பணியாற்றியவர்களும் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து 2008-இல் கணினி வரைகலைக்கான சிக்கிராஃப் மாநாட்டில் ஆய்வுக் கட்டுரையாகவே கொடுத்தார்கள். அனிமேட்டர் 'வலது கை' என்று சொல்லாமல் 'பிடிக்கக்கூடிய உறுப்புகளில் முன்னால் இருப்பது' என்பது மாதிரிப் பொதுவாகச் சொல்லி அசைவைப் பதிவு செய்வார், விலங்கு கைக்கு வந்ததும் கணினி அந்த அசைவை அதன் உடம்புக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளும். உங்கள் மகளை ஒரே உடம்புக்கு நீளமான கால் ஒரு ஜோடியும் குட்டையான கால் ஒரு ஜோடியும் வைத்து நடக்கவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கால் எப்போது தரையைத் தொடுகிறது என்று கவனித்தால் போதும், பிறகு தெருவில் நாய் நடப்பதையும் பூரான் ஓடுவதையும் அந்தப் பிள்ளை வேறு கண்ணோடு பார்க்கும்.

இப்போது உங்களை உறுத்தும் இரண்டாவது கேள்வி. தப்பான பரிணாமம் மனதில் பதிந்துவிடுமா? இங்கே உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டு. 'அதற்குத் தேவைப்பட்டது, அதனால் வந்தது' என்கிற எண்ணம் குழந்தைக்கு ஸ்போரிலிருந்து வரவில்லை. டெபரா கெலமன் என்ற உளவியலாளர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், பாறை ஏன் கூராக இருக்கிறது என்று சின்னப் பிள்ளைகளிடம் கேட்டுச் சில பதில்களையும் முன்வைத்தார். மண் துகள்கள் காலப்போக்கில் சேர்ந்ததால் என்ற பதிலைவிட, விலங்குகள் அரிப்பெடுத்தால் சொறிந்துகொள்வதற்காக என்பது போன்ற பதில்களையே பிள்ளைகள் அதிகம் விரும்பினார்கள். உயிரில்லாத பாறைக்கே நோக்கம் கற்பிக்கிற மனம் இறக்கைக்குக் கற்பிக்காதா? என் முதலாண்டு மாணவர்கள் ஸ்போரின் பெயரைக்கூடக் கேட்டிருக்கமாட்டார்கள், ஆனாலும் எட்டாத இலைக்காகக் கழுத்தை நீட்டி நீட்டி ஒட்டகச்சிவிங்கி உயரமானது என்றுதான் எழுதுகிறார்கள். ஏற்கெனவே இருக்கும் எண்ணத்தை ஸ்போர் வெளியே கொண்டுவந்து காட்டுகிறது, அதை இறுக்கிவிடுகிறதா என்பதுதான் மிச்சமிருக்கும் சந்தேகம். இறுக்கலாம் என்றுதான் நான் நினைக்கிறேன், பக்கத்தில் பேச யாரும் இல்லாமல் தனியாகவே விளையாடினால். இது என் கணிப்பு, ஆய்வு முடிவு இல்லை.

அதே கெலமன் குழு 2014-இல் இன்னொன்றும் காட்டியது. ஐந்து முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பனை விலங்கு ஒன்றை வைத்துப் படக்கதை படித்துக் காட்டினார்கள். அந்த விலங்குகளில் சிலவற்றுக்குத் தடித்த தும்பிக்கை, சிலவற்றுக்கு மெல்லியது. அவை தின்னும் பூச்சிகள் குறுகலான பொந்துகளுக்குள் இறங்கிவிட, மெல்லிய தும்பிக்கைக்காரர்களுக்குச் சாப்பாடு கிடைத்து, அதிகம் குட்டி போட்டு, கூட்டமே மெதுவாக மாறிவிடுகிறது. கதை முடிந்தபின் கேட்டால் கணிசமான பிள்ளைகள் காரணத்தைச் சரியாக விளக்கினார்கள். பத்து வயதுக்கு இயற்கைத் தேர்வு புரியாது என்ற பயம் தேவையில்லை. கூட்டத்தைக் காட்டினால் புரிந்துகொள்கிறார்கள்.

ஆகவே நிறுத்தாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், தினமும் வேண்டாம், எடிட்டர் திறக்கும் நேரத்தில் மட்டும். 'இது தப்பு' என்று சொல்லாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த முட்டையோட கூடப்பிறந்த மத்த முட்டையெல்லாம் எங்கே போச்சு?" ஸ்போரில் அதற்குப் பதில் இல்லை, அதனால் அவளே ஒன்றை உண்டாக்க வேண்டும். பிறகு அதே எடிட்டரில் ஒரே விலங்கைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி எட்டு, பத்து வகையாகச் செய்து சேமிக்கச் சொல்லுங்கள், ஒன்றுக்குக் கால் சற்று நீளம், ஒன்றுக்கு உடம்பு சற்றுப் பருமன், ஒன்றின் நிறம் புல்லோடு ஒத்தது. ஒவ்வொரு விலங்கும் ஒரு சின்னப் படக் கோப்பாகவே சேமிக்கப்படுகிறது, அந்தப் படத்துக்குள்ளேயே அதன் முழு வடிவத் தகவலும் இருக்கிறது, அதனால் அச்சிட்டு வெட்டி மேசையில் பரப்பிவிடலாம். இந்த வருடம் மழை இல்லை, புல் காய்ந்துவிட்டது, யார் மாட்டுவார்கள் என்று கேளுங்கள். போனவர்களை எடுத்துவிட்டு, மிச்சமிருப்பவர்களுக்குக் குட்டியாக அவரவர் படத்தையே இன்னும் இரண்டு வையுங்கள். அடுத்த வருடம் வெள்ளம். நாலு சுற்று போனால் மேசையில் இருக்கும் கூட்டம் தொடங்கியபோது இருந்தது மாதிரி இருக்காது, அவளும் எந்த விலங்கையும் மாற்றியிருக்கமாட்டாள். சில சுற்றுகளில் பகடை உருட்டிக் காரணமே இல்லாமல் ஓரிருவரை எடுத்துவிடுங்கள், தற்செயலும் இதில் ஒரு பங்குதாரர்.

அப்பாவோ அம்மாவோ தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம். இணையக் கணக்கோடு விளையாடினால் மற்றவர்கள் செய்த விலங்குகள் தானாக இறங்கி அவள் உலகத்துக்குள் வரும், அதில் சில ஆபாசமான வடிவங்கள் உண்டு, எடிட்டர் வெளியான முதல் மாதத்திலேயே அது செய்தியானது. கணக்கில் நுழையாமல் விளையாடினால் மேக்ஸிஸ் கொடுத்தவையும் அவள் செய்தவையும் மட்டும் வரும், அதுவே தாராளமாகப் போதும்.

அடுத்து என்ன என்றால், சுவிட்சர்லாந்தின் ஸ்ட்ரே ஃபான் என்ற சிறு நிறுவனம் 2017-இல் வெளியிட்ட நிஷ் என்ற விளையாட்டைத்தான் முதலில் சொல்வேன். அதில் நீங்கள் பார்ப்பது ஒரு கூட்டத்தை. ஒவ்வொரு குட்டியும் ஒவ்வொரு குணத்துக்கும் அப்பாவிடமிருந்து ஒரு மரபணு, அம்மாவிடமிருந்து ஒன்று என்று வாங்கிக்கொண்டு பிறக்கிறது, வெளியே தெரியும் ஓங்கிய மரபணு, மறைந்திருக்கும் ஒடுங்கிய மரபணு எல்லாம் உண்டு, நெருங்கிய சொந்தத்திலேயே இணை சேர்த்துக்கொண்டிருந்தால் குட்டிகள் நோயாளியாகிவிடும், செத்தவை செத்தவைதான். யார் யாரோடு சேர வேண்டும் என்பதை வீரர்தான் முடிவு செய்கிறார், அந்த வகையில் அது கால்நடை வளர்ப்புக்குத்தான் நெருக்கம். ஆனாலும் ஸ்போரிலிருந்து அங்கே போகிற பிள்ளைக்கு வித்தியாசம் உடனே உறைக்கும், விளையாட்டும் அழகாக இருக்கிறது. இன்னும் இரண்டு, மூன்று வருடம் கழித்து, உயிரணுவுக்குள் என்ன நடக்கிறது என்று பள்ளியில் படித்தபிறகு, த்ரைவ் கொடுங்கள். ஸ்போர் தராமல் விட்டதைத் தரவேண்டும் என்று ஆர்வலர்கள் தொடங்கியது, மூலநிரல் திறந்தது, அவர்கள் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் மற்ற இனங்களின் எண்ணிக்கை கூடுவதையும் குறைவதையும் அழிவதையும் விளையாட்டே கணக்கிட்டுக்கொண்டு போகும், நீங்கள் மாற்றாமலே அவை மாறும். பத்து வயதில் கொடுத்தால் குளுக்கோஸ், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்று சலித்துப்போவாள், அதனால் அவசரம் வேண்டாம். ஸ்போரின் கூடுதல் தொகுப்புகளான கேலக்டிக் அட்வென்ச்சர்ஸும் கிரீப்பி அண்ட் க்யூட்டும் பரிணாமத்துக்கு எதையும் சேர்ப்பதில்லை. இரண்டாவதில் புது உறுப்புகள் வரும், உங்கள் மகளுக்கு எடிட்டர்தான் பிடித்திருக்கிறது என்றால் அதை மட்டும் வாங்கலாம்.